ஊசுவதைத் தாமதிக்கும், வாடுவதைத் தடுக்காது: ஓராண்டு பயன்படுத்திய இருகதவு பிரிட்ஜ்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் பதினான்கு ஆண்டுகள் உழைத்த ஒற்றைக்கதவு பிரிட்ஜ் சென்ற கோடையில் நின்றுபோனது. அதற்குப் பதிலாக 260 லிட்டர் கொள்ளளவுள்ள, உள்ளே பனிக்கட்டி படியாத வகையைச் சேர்ந்த இருகதவு பிரிட்ஜ் ஒன்றை வாங்கினோம். விற்பனையாளர், பதினைந்து நாள் ஆனாலும் எந்தப் பொருளும் கெடாது என்று உறுதி கூறினார். அது வீட்டுக்கு வந்த சில வாரங்களில் பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பில் இயற்பியல் மாற்றத்தையும் வேதியியல் மாற்றத்தையும் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், சாப்பாடு கெட்டுப்போறது இதுல எந்த மாற்றம்?" என்று கேட்டாள். புதிய பொருள் உண்டாவதால் அது வேதியியல் மாற்றம் என்று உடனே விடை சொன்னேன். அன்று மாலை பிரிட்ஜைத் திறந்தபோது அந்த விடை போதாது என்று பட்டது. மூடாமல் வைத்த கொத்தமல்லித் தழை துவண்டு கிடந்தது. முந்தைய நாள் சோறு பருக்கை பருக்கையாக விறைத்திருந்தது. கதவுத் தட்டில் வைத்த பாலைக் காய்ச்சினால் அது திரிந்தது. மூன்றையும் "கெட்டுப்போச்சு" என்றே சொல்கிறோம், ஆனால் மூன்றிலும் நடந்தது ஒன்றல்ல. இந்த ஓராண்டு மதிப்புரைக்கு அந்த மாணவியின் கேள்வியையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் எழுதுவதில் பெரும்பகுதி இந்த வகைப் பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நம் அடுக்களைப் பேச்சைக் கூர்ந்து கவனித்தால், கேள்விக்கான விடை பாதிக்கு மேல் அதிலேயே இருக்கிறது. முறுக்கு நமுத்துப்போகும், கீரை வாடும், பால் திரியும், மாவு புளிக்கும், சாம்பார் ஊசும், எண்ணெய்ப் பலகாரம் காறும், தக்காளி அழுகும், ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கும். எந்தப் பாட்டியும் முறுக்கு ஊசிவிட்டது என்றோ சாம்பார் நமுத்துவிட்டது என்றோ சொல்லமாட்டார். நமுத்தல் என்பது ஈரம் உள்ளே ஏறுவது. வாடல் என்பது ஈரம் வெளியேறுவது. இரண்டிலும் தண்ணீர் இடம் மாறுகிறது, புதிய பொருள் எதுவும் பிறப்பதில்லை. நமுத்த முறுக்கை வெயிலிலோ இளஞ்சூட்டிலோ வைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்புகிறது. துவண்ட கொத்தமல்லியின் தண்டைத் தண்ணீரில் நிறுத்திவைத்தால் இரண்டு மணி நேரத்தில் நிமிர்கிறது. திரிதல், புளித்தல், ஊசுதல், காறல், அழுகல் ஆகியவை அப்படித் திரும்புவதில்லை. அவற்றில் பழைய மூலக்கூறுகள் சிதைந்து புதியவை உண்டாகின்றன. நம் மூக்குக்கு எட்டும் வாடை அந்தப் புதிய மூலக்கூறுகள்தான். ஆகவே ஒரு பிரிட்ஜை மதிப்பிட வேண்டுமானால், இந்த இரண்டு வரிசைகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும் என்பது என் கருத்து. விற்பனைக் கூடத்தில் யாரும் அப்படிப் பிரித்துச் சொல்வதில்லை.

இந்தப் பிரிட்ஜ் வேலை செய்யும் விதம் அந்த இரண்டு மதிப்பெண்களையும் தீர்மானிக்கிறது. உள்ளே ஓடும் குளிரூட்டி ஐசோபியூட்டேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு, கம்ப்ரசரால் அழுத்தப்பட்டு, அந்த வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. திரவம் வாயுவாவதும் வாயு திரவமாவதும் நாம் வகுப்பில் சொல்லும் தூய இயற்பியல் மாற்றங்கள். உணவில் நடக்கும் வேதியியல் மாற்றத்தைத் தாமதப்படுத்த, இரவும் பகலும் ஓர் இயற்பியல் மாற்றம் அந்தக் குழாய்க்குள் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொன்னபோது, அவர்களைவிட எனக்கே அது அதிக வியப்பைத் தந்தது. பழைய ஒற்றைக்கதவுப் பெட்டியில் இந்தக் குளிர்சுருள் உறைபெட்டியைச் சுற்றியே இருந்தது. பனி கட்டிகட்டியாகப் படியும், வாரம் ஒருமுறை உருக்க வேண்டும். புதியதில் சுருள் பின்சுவருக்குள் மறைந்திருக்கிறது. ஒரு விசிறி குளிர்காற்றை எல்லாத் தட்டுகளுக்கும் அனுப்புகிறது. சுருளில் படியும் பனியை ஒரு சிறு சூடேற்றி அவ்வப்போது உருக்கி வெளியேற்றுகிறது. அந்தப் பனி எங்கிருந்து வந்த தண்ணீர்? கதவைத் திறக்கும்போது நுழையும் கடற்கரைக் காற்றின் ஈரமும், மூடாமல் வைத்த நம் காய்கறியின் ஈரமும்தான். பனி படியாத வசதிக்கு நாம் தரும் விலை, உள்ளே ஓயாமல் வீசும் உலர்ந்த காற்று.

முதலில் குளிரைப் பற்றி. ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி, ஒவ்வொரு தட்டிலும் ஓர் இரவு முழுவதும் வைத்து அளந்தேன். நடுத்தட்டில் 4 டிகிரி, காய்கறிப் பெட்டியில் 7 டிகிரி, கதவுத் தட்டில் 9 டிகிரி காட்டியது. சமையல் நேரத்தில் கதவை அடிக்கடி திறந்து மூடும்போது கதவுத் தட்டு 11 டிகிரி வரை ஏறியது. பெரும்பாலான வேதிவினைகள் 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு இறங்குகின்றன. நுண்ணுயிரிகளின் பெருக்கம் அதைவிடக் கூர்மையாகக் குறைகிறது. சாதகமான வெம்மையில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இருமடங்காகும். அந்தக் கணக்கில் ஒன்று 3 மணி நேரத்தில் 512 ஆகிவிடும். 4 டிகிரியில் அவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன, ஆனால் சாவதில்லை. ஆகையால் பிரிட்ஜ் கெடுவதை நிறுத்துகிறது என்பது தவறான வாக்கு. தாமதிக்கிறது என்பதே சரி. நடுத்தட்டில் இந்தப் பெட்டி அதை நன்றாகவே செய்கிறது.

பாலை வைத்துத்தான் இதை நான் தெளிவாகப் பார்த்தேன். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். என்ற அளவு நல்ல பாலில் ஏறத்தாழ 6.7, அது 4.6 வரை இறங்கும்போது கேசீன் என்ற புரதம் கரைந்த நிலையில் நிற்க முடியாமல் திரளுகிறது. காய்ச்சும்போது அவ்வளவு புளிப்பு தேவையில்லை, பி.எச். சற்றுக் குறைந்தாலே சூட்டில் திரிந்துவிடும். ஒரே பாக்கெட்டிலிருந்து காய்ச்சி ஆறவைத்த பாலை இரண்டு பாத்திரங்களில் ஊற்றி, ஒன்றை நடுத்தட்டிலும் மற்றொன்றைக் கதவிலும் வைத்தேன். கதவில் வைத்தது மூன்றாம் நாள் திரிந்தது. நடுத்தட்டில் வைத்தது ஐந்தாம் நாளும் திரியவில்லை, ஆனால் ஆறாம் நாள் லேசாகக் கசந்தது. புளிக்காத பால் ஏன் கசக்க வேண்டும் என்பது கவனத்துக்குரியது. குளிரிலும் வளரக்கூடிய பாக்டீரியா வகைகள் உண்டு. அவை சர்க்கரையைவிடப் புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்க முனைகின்றன, அந்தச் சிதைவுப் பொருள்களில் சில கசப்பானவை. குளிர், கெடுதலின் வேகத்தை மட்டும் குறைப்பதில்லை, எந்த வழியில் கெட வேண்டும் என்பதையும் மாற்றிவிடுகிறது. பால் பாட்டிலுக்கென்றே அளவெடுத்ததுபோல் கதவில் ஒரு தட்டை அமைத்திருப்பதை இந்த வடிவமைப்பின் பெரிய குறையாகக் கருதுகிறேன். எங்கள் வீட்டில் அங்கே இப்போது தண்ணீர்ப் பாட்டிலும் ஊறுகாயும் மட்டுமே இருக்கின்றன.

இட்லி மாவிலும் இதே லாக்டிக் அமிலம்தான் உண்டாகிறது, இதே வகைப் பாக்டீரியாக்கள்தான் உழைக்கின்றன, மாவைப் பொங்கவைக்கும் கார்பன் டை ஆக்சைடு மட்டும் கூடுதல். ஆனால் அதைக் கெட்டது என்று சொல்லாமல், நன்றாகப் புளித்திருக்கிறது என்று மகிழ்கிறோம். பாடநூல்களில் விரும்பத்தக்க மாற்றம், விரும்பத்தகாத மாற்றம் என்று ஒரு பாகுபாடு வரும். அது பொருளில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. புளித்த மாவை நடுத்தட்டில் வைத்தால் மூன்று நாள் இட்லிக்கு ஆகிறது, நான்காம் நாள் தோசைக்கு, அதன்பின் புளிப்பு தாங்காது. பழைய பெட்டியிலும் ஏறத்தாழ இதே கணக்குதான்.

சோற்றில் கதை மாறுகிறது. வேகும்போது அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி நெகிழ்கிறது. ஆறும்போது அதன் நீண்ட சங்கிலிகள் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன, இடையில் இருந்த நீர் வெளியே தள்ளப்படுகிறது. பருக்கை விறைப்பது இதனால்தான். மூலக்கூறு அதேதான், அடுக்குமுறை மட்டும் வேறு. ஆவியில் மீண்டும் சூடாக்கினால் பெருமளவு நெகிழ்ந்துவிடுவதால் இதை இயற்பியல் மாற்றத்தின் பக்கம் வைப்பதே பொருத்தம். இந்த அடுக்கல் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான், அதாவது பிரிட்ஜின் நடுத்தட்டில் நிலவும் அதே வெப்பநிலையில்தான், மிக விரைவாக நடக்கிறது. ரொட்டி வெளியில் இருப்பதைவிடப் பிரிட்ஜுக்குள் சீக்கிரம் வறட்டுத்தன்மை அடைவதும் இதனால்தான். ஆக, சோற்றின் ஒரு மாற்றத்தைத் தடுக்கப்போய் இன்னொரு மாற்றத்தை நாமே விரைவுபடுத்துகிறோம்.

அதற்காகச் சோற்றை வெளியிலேயே விட்டுவிடலாம் என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும் சூட்டையும் தாங்கிக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது, வாந்தியைக் கொண்டுவரும். விறைத்த சோறு கண்ணுக்குப் பிடிக்காது, ஆனால் உடலுக்குத் தீங்கில்லை. நச்சு ஏறிய சோறு பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். இயற்பியல் மாற்றமா வேதியியல் மாற்றமா என்ற வகுப்பறைக் கேள்விக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை இந்த இடத்தில்தான் உணர்ந்தேன். நம் முன்னோர் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக்கியது, லாக்டிக் அமிலம் உண்டாகும் பாதைக்கு அதைத் திருப்பிவிட்ட செயல். புளிப்பு ஏறும்போது வேறு பல நுண்ணுயிரிகளுக்கு அங்கே வாழ்வு கடினமாகிறது.

காய்கறிகளிலும் கீரையிலும் இந்தப் பெட்டிக்கு நான் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். வீசும் உலர்காற்றில் மூடாத கொத்தமல்லி ஒரே இரவில் துவள்கிறது. கறிவேப்பிலை இரண்டு நாளில் நொறுங்குகிறது. வெட்டிவைத்த பூசணியின் முகம் தோல்போல் காய்கிறது. ஈரத்துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வைத்தால் கொத்தமல்லி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கிறது. அப்போதும் ஓர் எல்லை உண்டு: வாடியதைத் தண்ணீர் மீட்டெடுக்கும், மஞ்சளானதை மீட்டெடுக்காது, ஏனெனில் அதில் பச்சையம் சிதைந்துவிட்டது. வாழைப்பழம் வேறொரு பாடம். ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே அதன் தோலின் உயிரணுச் சவ்வுகள் குளிரால் சேதமடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் பீனால் பொருள்களும் கலந்து தோல் கறுக்கிறது. சவ்வு உடைவது இயற்பியல், கறுப்பது வேதியியல். முன்னது பின்னதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது. வாழைக்காயையும் வாழைப்பூவையும் நறுக்கியவுடன் மோர்த் தண்ணீரில் போடும் வழக்கத்தில், அந்த நொதியை அமிலம் கட்டுப்படுத்துகிறது.

உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியை உண்மையாகவே எட்டுகிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பனியை உருக்கும் சூடேற்றி வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பின் வெப்பநிலை சற்றே ஏறி இறங்குவதால், ஐஸ்கிரீமில் உள்ள சிறு பனிப்படிகங்கள் உருகி, பெரிய படிகங்களோடு சேர்ந்து உறைகின்றன. மூன்று வாரத்தில் அது நாக்கில் மணல்போல் நெருடியது. சரியாகச் சுற்றாத கோழிக்கறியில் வெண்ணிறத் திட்டுகள் தோன்றின. பனிக்கட்டி தண்ணீராகாமலே ஆவியாகிப் போன இடங்கள் அவை. கற்பூரத்தை வைத்து மட்டுமே பதங்கமாதலைக் கற்பிக்கும் நாம், இதையும் காட்டலாம்.

இனி மீன். இந்த ஊரில் இதைச் சொல்லாமல் ஒரு பிரிட்ஜின் மதிப்புரை முடியாது. மீன் செத்த பின்பு அதன் சதையில் உள்ள மணமற்ற டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருளைப் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. மீன் வாடை என்று நாம் முகம் சுளிப்பது பெரும்பாலும் அதைத்தான். சூரை, சாளை, அயிலை ஆகியவற்றில் இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. அவற்றின் சதையில் மிகுதியாக உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், ஹிஸ்டமினாக மாறுகிறது. உடலில் தடிப்பும் முகச் சிவப்பும் தலைவலியும் உண்டாக்கும் அந்தப் பொருளுக்கு எச்சரிக்கும் வாடையும் இல்லை, குழம்பில் கொதித்தாலும் அது போவதில்லை. பிரிட்ஜின் 4, 5 டிகிரி இந்த மீன்களுக்குப் போதாது. 5 டிகிரியில் மீன், 0 டிகிரியில் கெடுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் கெடுகிறது. துறைமுகத்தில் ஐஸில் புதைத்து வைப்பவர்கள் நம்மைவிடச் சரியாகச் செய்கிறார்கள். அதனால் சூரை வாங்கும் நாளில் ஒரு தட்டில் ஐஸ் பரப்பி, மீனை மூடிய டப்பாவில் இட்டு, அதன் நடுவே அமர்த்திப் பின்சுவரை ஒட்டி வைக்கிறோம். அன்றே சமைக்காதது உறைபெட்டிக்குப் போகிறது. அங்கும் சாளைக்கு மூன்று மாதத்துக்கு மேல் இடம் தருவதில்லை. பாக்டீரியா உறங்கினாலும் ஆக்சிஜன் உறங்குவதில்லை; கொழுப்பு மிகுந்த அந்த மீன் மைனஸ் 18 டிகிரியிலும் மெல்லக் காறுகிறது.

பிரிட்ஜ் இல்லாத காலத்தில் இதே கரையில் கருவாடும், உலர்த்திய சூரை மீனான மாசியும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தன. உப்பளத்தில் கடல்நீர் ஆவியாகி உப்பு படிவது இயற்பியல் மாற்றம். அந்த உப்பும் வெயிலும் சேர்ந்து மீனின் ஈரத்தை இழுப்பதும் பெரும்பாலும் இயற்பியல் மாற்றம். ஈரம் போனதும் பாக்டீரியாக்களின் வேதியியல் வேலை நின்றுபோகிறது. எங்கள் ஊர் மக்ரூனையும் இங்கே சொல்லியாக வேண்டும். முட்டை வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அது, கடற்காற்றில் அரை நாள் திறந்திருந்தால் நமுத்துப் பிசுபிசுக்கிறது. உலர்காற்று வீசும் பிரிட்ஜ் அதைக் காக்கும் என்று நம்பி உள்ளே வைத்தோம். உள்ளே மொறுமொறுப்பாகவே இருந்தது. வெளியே எடுத்துத் திறந்த சில நிமிடங்களில், குளிர்ந்த அதன் மேல் காற்றின் ஈரம் படிந்து முன்னைவிட மோசமாக நமுத்தது. காற்றுப் புகாத டப்பாவில் அலமாரியில் வைப்பதே அதற்கு உகந்தது.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதத்தில் கீழ்க்கதவின் ரப்பர் ஒரு மூலையில் விலகி, நடுத்தட்டே 8 டிகிரிக்கு ஏறியது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் எதிர்ப்பின்றி வந்தது. சேவை மையத்தை மூன்று முறை அழைத்த பின், பன்னிரண்டாம் நாள் ஒருவர் வந்து, உத்தரவாதக் காலம் என்பதால் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தார். வந்தவர் பொறுமையும் திறமையும் உள்ளவர். பன்னிரண்டு நாள் காக்கவைத்த நிறுவனத்தின் மீதுதான் என் வருத்தம், ஏனெனில் அந்த நாள்களில் எங்கள் வீட்டுப் பாலும் மாவும் குழம்பும் வழக்கத்தைவிட வேகமாகக் கெட்டன. மின்வெட்டில், கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை கவலையின்றி விடலாம். மின்செலவு பழைய பெட்டியைவிடக் குறைந்தே இருக்கிறது.

வேதியியல் கெடுதலைத் தாமதிப்பதில் இந்தப் பிரிட்ஜுக்குப் பத்துக்கு எட்டு தருவேன். கதவுத் தட்டுக்காக இரண்டைக் கழித்திருக்கிறேன். இயற்பியல் மாற்றங்களைக் கையாள்வதில் பத்துக்கு நான்கு. மூடியுள்ள டப்பாக்கள் பத்து வாங்கிய பிறகு அதை ஆறாக உயர்த்தலாம். சமைத்ததை வைத்துண்ணும் குடும்பத்துக்கும், மீனும் கறியும் உறையவைக்கும் வீட்டுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். கீரையும் காயும் மட்டுமே வைக்கும் இருவர் வீட்டுக்கு, பனியை உருக்கும் சிரமம் இருந்தாலும், ஈரத்தை ஓரளவு உள்ளேயே வைத்திருக்கும் ஒற்றைக்கதவுப் பெட்டி போதும். அந்த மாணவிக்கு அடுத்த வாரமே திருத்திய விடையைச் சொன்னேன். நமுத்த முறுக்கு ஒன்றையும் திரிந்த பால் ஒரு கிண்ணத்தையும் வகுப்புக்கு எடுத்துச் சென்று, எதை வெயிலில் வைத்து மீட்க முடியும் என்று அவளையே பார்க்கச் சொன்னேன். முறுக்கை அவள் மதிய இடைவேளை வரை ஜன்னலில் வைத்திருந்து, உடைத்துப் பார்த்துவிட்டு வந்து விடையைச் சொன்னாள்.